கப்பலுக்கு முன்னால்

அப்பாவின் வீங்கிய பாதம் பூட்ஸுக்குள் போக மறுத்தது. மகள் இத்தோ நாடாவை முழுவதும் உருவிவிட்டு மறுபடி முயன்றாள். வாசலில் டாக்ஸி ஹாரன் அடித்தது.

“மாப்பிள்ளை அலங்காரம் இன்னும் முடியலையா?” என்றான் அண்ணன் ஹம்மு.

“வலிக்குதா பாபா?” என்று கேட்டாள் இத்தோ.

“இத்தாலி மலையில பனிக்குள்ள இதே காலாலதான் நடந்தேன். ஒரு பிரெஞ்சுக்காரனும் இப்படிக் கேக்கல.”

பிரெஞ்சுப் படைக்காகச் சண்டை போட்டதற்கு அப்பா அஸ்ஸுவுக்கு வரும் ஓய்வூதியம் தேயிலைக்கும் சர்க்கரைக்குமே சரியாகப் போகும். பிரான்ஸ் கொடுக்கும் முதியோர் உதவித்தொகையில்தான் வீடு ஓடியது. அது வேண்டுமென்றால் வருடத்தில் ஒன்பது மாதம் அங்கேயே குடியிருக்க வேண்டும். போர்தோ நகரில் ஓர் அறை, ஒரு கட்டில். ஊரில் இருக்கக் கிடைத்த மூன்று மாதம் முடிந்துவிட்டது.

விடியலில் அவர் இருமிய துணியில் ரத்தம் இருந்தது. அதை இத்தோ மட்டுமே பார்த்தாள்.

“அண்ணன்கிட்ட சொல்லிடாத புள்ள. போக விடமாட்டான். அப்புறம் அவன் பிள்ளைங்க எதைத் திங்கும்?” என்றார். துணியை அவளிடம் நீட்டி, “பக்கத்து ரூம்காரன் அங்கேயே செத்தான். ஊருக்கு அனுப்பக் காசு சேர்ற வரைக்கும் ஐஸ் பெட்டியிலேயே கிடந்தான்” என்றார்.

இத்தோ துணியைக் கழுவிக் காயப்போட்டாள். யாரிடமும் சொல்லவில்லை.

வழியனுப்ப வந்த அடுத்த வீட்டு விதவை யாம்னா சத்தமாகக் கேட்டாள். “அங்கேருந்து எனக்கொரு புருஷன் கூட்டிட்டு வாங்க!”

“அங்க இருக்கிறவன் எல்லாம் என்னைப் போலப் பல்லு போனவன். பரவாயில்லையா?” என்றார் அப்பா.

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவையும் ஹம்முவையும் ஏற்றிக்கொண்டு டாக்ஸி சரிவில் இறங்கியது. அது மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்த இத்தோ, எந்த மகளும் கேட்கக்கூடாத ஒன்றை இறைவனிடம் கேட்டாள். நடப்பதென்றால் கப்பலுக்கு முன்னாலேயே, ஊர் மண்ணிலேயே நடந்துவிடட்டும்.

மாலை அஸர் தொழுகைக்குப் பின் துறைமுகத்திலிருந்து ஹம்மு போன் செய்தான்.

“பாபா சூப் கூடக் குடிச்சாரு. லஹ்சன் சித்தப்பாவும் அதே கப்பல்லதான் போறாரு. அவர் கையப் பிடிச்சுக்கிட்டே ஏறிட்டாரு.” விசா இல்லாத ஹம்முவால் துறைமுகம் வரைதான் போக முடியும்.

“அல்ஹம்துலில்லாஹ்!” என்றாள் யாம்னா. இத்தோவுக்கு அந்த நன்றிச் சொல் வாயில் வரவில்லை.

போன் மறுபடி அடித்தது. முதலில் காற்றும் கடற்பறவைகளின் சத்தமும் மட்டும் கேட்டன. பிறகு ஹம்முவின் குரல் வந்தது.

“லஹ்சன் சித்தப்பா கப்பல்லேருந்து பேசினாரு... பாபா போயிட்டாராம்.”

இத்தோ போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“கப்பல் இன்னும் கண்ணுக்குத் தெரியுது இத்தோ. இதோ, வெள்ளையா. திருப்பச் சொல்லுங்கன்னு இங்க இருக்கிற ஒவ்வொருத்தன்கிட்டயும் கேட்டேன். திருப்ப மாட்டாங்களாம்.”

யாம்னாவின் ஓலம் கேட்டுப் பெண்கள் ஓடிவந்தார்கள். சாவு வீட்டில் வழக்கமாகச் செய்வதுபோல, யாம்னாவின் மருமகள் யாரையும் கேட்காமல் முற்றத்தில் தீ மூட்டி, மய்யித்தைக் குளிப்பாட்டப் பெரிய அண்டாவில் தண்ணீர் ஏற்றினாள். அதில் ஆவி பறக்கத் தொடங்கியபோதுதான், குளிப்பாட்ட வேண்டிய உடல் கப்பலில் இருப்பது அவளுக்கு உறைத்தது. கையில் விறகோடு அப்படியே நின்றுவிட்டாள்.

இத்தோ அந்த விறகை வாங்கி அடுப்புக்குள் தள்ளினாள்.