ஒரு நாள் சம்பளம்

அந்த ஒற்றை அறையில் தங்கையோடு குடித்தனம் நடத்திய மூன்று வருஷங்களை நினைத்தால் அக்காவுக்கு இன்றைக்கும் மனசு இளகிவிடும். அப்போது அவள் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டர்; தங்கைக்குச் செருப்புக் கடையில் வேலை.

சம்பளம் வந்ததும் இருவரும் தரையில் சப்பணமிட்டு உட்காருவார்கள். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அக்கா நடுவே ஒரு கோடு கிழிப்பாள். இடப்பக்கம் தேவை, வலப்பக்கம் ஆசை. வாடகை, மளிகை, பஸ் பாஸ் எல்லாம் மறுபேச்சில்லாமல் இடப்பக்கம் போய்விடும். அதற்குப் பிறகுதான் வழக்கு. வாசனை சோப்பைத் தேவை என்று தங்கை சாதிப்பாள். அக்கா கறாராக வலப்பக்கம் தள்ளுவாள். குடைக்கு மட்டும் அரைமணி நேரம் வாதம் நடந்தது. மழை பெய்தால் தேவை, பெய்யாவிட்டால் ஆசை என்று தீர்ப்பாயிற்று.

ஒரு மாதம் தங்கை அந்தத் தாளையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆசைப் பக்கத்துல உன்னோடது ஒண்ணுகூட இல்லையேக்கா?"

அக்கா சிரித்து மழுப்பினாள். தங்கை விடுகிற மாதிரி இல்லை. பென்சிலை அவள் கையில் திணித்தாள். யோசித்து யோசித்து அக்கா எழுதினாள்: ஒரு நாள் முழுக்க யாரோடும் பேசாமல் இருக்க வேண்டும்.

எழுதியதும் அவளுக்கே வெட்கமாகப் போயிற்று. நாளெல்லாம் காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஊராருக்குப் பதில் சொல்லிச் சொல்லித் தொண்டை தேய்ந்திருந்தது. ஆனால் கைவசம் லீவு இல்லை. போட்டால் ஒரு நாள் சம்பளம் போகும்.

"ஆசைதானே, அடிச்சிடு," என்றாள்.

தங்கை அடித்தாள். அடித்துவிட்டு அதையே இடப்பக்கம், வாடகைக்கும் மேலே எழுதினாள்.

"இந்த மாசம் எனக்கு பஸ் பாஸ் வேண்டாம். நடந்தே போயிக்கறேன்."

அக்கா எவ்வளவோ மறுத்துப் பார்த்தாள், பலிக்கவில்லை.

அடுத்த வாரம் செருப்புக் கடைக்கு விடுமுறையான நாளில் அக்கா லீவு போட, இருவரும் ரயிலேறிக் கடைசி நிலையம்வரை போனார்கள். டிக்கெட் கேட்டு வாங்கியதுகூடத் தங்கைதான். ஏரிக்கரையில் உட்கார்ந்து, தண்ணீரில் காலைத் தொங்கவிட்டு, ஒரு ரொட்டியைப் பிய்த்துத் தின்றார்கள். கரையேற வந்த வாத்து ஒன்று சறுக்கி விழுந்தபோது, சத்தம் வராமல் கண்ணில் நீர் முட்டும்வரை குலுங்கிச் சிரித்தார்கள்.

அந்த மாதம் முழுக்கத் தங்கை நடந்தாள். குதிகால் கொப்பளித்தது, ஒரு வார்த்தை குறைபட்டுக்கொள்ளவில்லை.

பிறகு தங்கை கல்யாணமாகி வெகுதூரம் போய்விட்டாள். அக்காவுக்குச் சம்பளம் உயர்ந்தது, லீவும் தாராளமாகக் கிடைத்தது. எத்தனையோ நாள் வாய் திறக்காமல் இருந்து பார்த்தாள். பக்கத்தில் உட்கார்ந்து கூடவே பேசாமலிருக்க ஆள் இல்லாததால், அது அவளுக்கு ருசிக்கவே இல்லை.