சோத்துக் கை

முறுக்கு டின்னைத் தூக்கிக்கொண்டு என் மகள் லோஷினி வரவேற்பறைக்குப் போனாள். சோபாவில் நாத்தனார் உட்கார்ந்திருந்தார். என் வீட்டுக்காரர் விஜயனின் அக்கா. மகனுடைய கல்யாணப் பத்திரிகை வைக்க சாஆ என்ற ஊரிலிருந்து வந்திருந்தார். நாலு வயதுப் பிள்ளை அத்தைக்கு முன்னால் அழகாகக் குனிந்தாள். ஒரு முறுக்கை எடுத்து, "சாப்புடுங்க அத்தை" என்று நீட்டினாள். குனிந்தது சரி, சொன்னது சரி. நீட்டியது மட்டும் இடது கை.

நாத்தனார் வாங்கவில்லை. பிள்ளையின் கை அப்படியே நின்றது.

"என்னா ராணி, பொம்பளப் புள்ள பீச்சாங்கையால நீட்டுது? ஞாயித்துக்கெழம மண்டபத்து வாசல்ல இவதான் கல்கண்டுத் தட்டோட நிக்கப் போறா. வர்றவங்களுக்கெல்லாம் இப்படித்தான் குடுப்பாளா?"

பிறகு என்னை விட்டுவிட்டுத் தம்பியைப் பார்த்தார். "ஆத்தாக்காரி ஃபேக்டரியே கதின்னு கெடந்தா, புள்ளைக்கு யாருடா சொல்லிக் குடுப்பா?"

அக்காவின் கார் தெருமுனையைத் தாண்டியதும் விஜயன் என் பக்கம் திரும்பினார். "கல்யாணத்துல என் மானம் போச்சுன்னா, நீ வேலைக்குப் போனது போதும்லா. வீட்டுல இருந்து புள்ளயப் பாரு." கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னார். அதுதான் பயமாக இருந்தது.

நான் வேலை பார்க்கும் கூலாய் ஃபேக்டரி ஒன்றும் சொர்க்கம் இல்லை. நாள் முழுக்க நின்று கால் வீங்கும். ஆனால் எங்கள் ஊர் பண்டார் தெங்காராவிலிருந்து கம்பெனி பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால், செம்பனை மரங்கள் தீரும்வரை என்னை யாரும் எதற்கும் கூப்பிட மாட்டார்கள். அதை விடச் சொன்னால் எப்படி? அதுவும் ஒரு முறுக்குக்காக.

எரிச்சல் என்னவென்றால், இதற்குக் காரணமே நான் ஆசையாக வாங்கிய படப் புத்தகம்தான். போன தடவை வந்தபோது இதே நாத்தனார், "புள்ளைக்கு ஒரு வாங்கன்னு சொல்லத் தெரியல" என்று மூக்கைச் சுளித்தார். மறுவாரமே புத்தகம் வாங்கினேன். நல்ல பழக்கங்களைச் சொல்லித்தரும் முயல். விருந்தாளியை வாங்க என்று அழைக்கும், குனிந்து காரட் கொடுக்கும், பெரியவர்களுக்கு முதுகைக் காட்டாது. லோஷினி பக்கத்துக்குப் பக்கம் மனப்பாடம் செய்துவிட்டாள். சமையல் கேஸ் தோம்பை மாட்டிவிட வருகிறவரை வாங்க என்கிறாள். பக்கத்து வீட்டுப் பூனையையும் வாங்க என்கிறாள். புத்தகம் வருவதற்கு முன்னால் அவள் யாருக்கும் எதையும் கொடுத்ததே இல்லை. இப்போது கொடுக்கிறாள், இடது கையால்.

அவள் இடது கைக்காரியும் இல்லை. வலது கையால் சாப்பிடுகிறாள், வலது கையால் சுவரெல்லாம் கிறுக்குகிறாள். கொடுக்கும்போது மட்டும் கை மாறுகிறது. அந்த வாரம் முழுக்க வேலை முடிந்து வந்து, குளிக்காமல்கூட அவள் எதிரில் உட்கார்ந்தேன்.

"லோஷினி, சோத்துக் கையால குடு."

"சோறு இல்லயே. முறுக்குத்தானே இருக்கு."

"அலமாக்! சோறு சாப்புடுற கைடி!"

கையைப் பிடித்து மாற்றி வைப்பேன். அந்த ஒரு தடவை சரியாக இருக்கும். என் வலது கையை நீட்டி, "அம்மாவப் பாரு, இதே மாதிரி" என்றால், மறுபடியும் இடது கை. ஒருநாள் தாங்கமுடியாமல் அந்தக் கையில் ஓங்கி ஒன்று வைத்தேன். அவள் அழவில்லை. ஓடிப்போய்ப் புத்தகத்தை எடுத்து வந்து என் மடியில் விரித்தாள். முயல் காரட் கொடுக்கும் பக்கம். முயலின் கைமேல் தன் உள்ளங்கையைப் பொருத்தி வைத்தாள். நான் அடித்துச் சிவந்த இடது கை.

"முயலு இந்தப் பக்கம்தான் குடுக்குது. நீங்களும் இந்தப் பக்கம்தான் நீட்டுறீங்க."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. முயல் எங்களைப் பார்த்து நிற்கிறது. அதன் வலது கை, பார்ப்பவளுக்கு இடது பக்கம். நானும் எதிரில் உட்கார்ந்துதான் இத்தனை நாள் கத்தியிருக்கிறேன். பிள்ளை கண்ணாடி மாதிரி அப்படியே செய்திருக்கிறாள். ஒன்றைக்கூடத் தப்பாகச் செய்யவில்லை. அந்தச் சின்னக் கையைத் தடவிக் கொடுத்தேன். அழுகை வந்தது. முயலின் மேலும் கோபம் வந்தது.

விடிந்தால் கல்யாணம். கல்கண்டுத் தட்டைத் தரையில் வைத்துவிட்டு, லோஷினிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். நானும் அவளும் ஒரே பக்கம் பார்த்தால்தான் என் வலது அவளுக்கும் வலதாக இருக்கும். வலது கையைச் சுவரை நோக்கி நீட்டினேன்.

"பின்னாலருந்து அம்மா கையப் பாரு. அதே கையால குடு."

"அம்மா, முதுகக் காட்டக் கூடாது. புக்குல இருக்கு."

"இன்னிக்கு மட்டும் பரவால்லடி."

பின்னால் சத்தமே இல்லை. எழுந்து போய்விட்டாளா, தட்டிலிருப்பதைத் தின்கிறாளா, தெரியவில்லை. கை வலித்தது. கீழே போடாமல் நீட்டியபடியே இருந்தேன்.

அடுப்படியில் தேத்தண்ணி கலக்கிக்கொண்டிருந்த விஜயன் கேட்டார். "என்னா, வருதா?"

பதில் சொல்வதற்குள் என் கன்னத்தோடு உரசிக்கொண்டு பின்னாலிருந்து ஒரு கை வந்தது. "சாப்புடுங்கம்மா." விரல் நுனியில் ஒரு கல்கண்டு. குனிந்து பார்த்தால் எந்தக் கை என்று தெரிந்துவிடும். நான் கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தேன்.

"ராணி, எந்தக் கைலா?" என்றார் அவர்.

வாயில் கல்கண்டு இருந்தது.