பற்பசைப் பெட்டிக்குள் ஒரு நாகரிகம்

என் மனைவிக்குக் குப்பை என்றால் உயிர். அவள் தொல்லியல் பேராசிரியை. தோண்டும் இடத்தில் தங்கச் சங்கிலி கிடைத்தால் "சரி, அருங்காட்சியகத்துக்கு அனுப்புங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவாள். பக்கத்தில் ஒரு பழைய குப்பைக்குழி தென்பட்டால் போதும், அன்று அவளுக்குச் சாப்பாடு இறங்காது. நகையை மனிதன் அடுத்தவன் பார்க்கத்தான் போட்டுக்கொள்கிறான், குப்பையை யாரும் பார்க்கவேண்டும் என்று போடுவதில்லை, அதனால் குப்பை பொய் சொல்லாது என்பது அவள் கட்சி. கல்யாணமான புதிதில் இதை நானும் ரசித்துக் கேட்டிருக்கிறேன். ரசித்த வாய்க்கு இப்போது நன்றாக வேண்டும்.

நான் பல் டாக்டர். காலை முதல் மாலை வரை மிட்டாய் தின்னாதே, சாக்லெட் தொடாதே என்று பிறரைப் பயமுறுத்துவது என் தொழில். ஊருக்குத்தான் உபதேசம். இரத்தத்தில் சர்க்கரை என்று டாக்டர் எனக்கே தடை போட்டபோது என் நாக்கு அந்தத் தீர்ப்பை ஒப்புக்கொள்ளவில்லை. குறிப்பாக ஆரஞ்சு கிரீம் பிஸ்கட் விஷயத்தில் அது மேல்முறையீட்டுக்கே போய்விட்டது.

வீட்டின் பின்னறையில், அலமாரியின் உச்சித் தட்டில், பல் அச்சு எடுக்கும் பவுடரின் காலி டப்பா ஒன்று இருந்தது. அதைக் கழுவித் துடைத்து, பிஸ்கட்டை உறையிலிருந்து எடுத்து அதில் அடுக்கி வைப்பேன். பிரச்சினை உறைதான். பளபளவென்று ஆரஞ்சு நிறம், கசக்கினால் ஊரைக் கூட்டும் சத்தம். அதை மெல்ல மடித்து, கம்பெனிக்காரர்கள் கொடுத்துவிட்டுப்போகும் பற்பசைகளின் காலிப் பெட்டிக்குள் திணித்து, பெட்டியின் வாயை மூடி, அதே அறையில் காய்ந்த குப்பை போடும் பெரிய டிரம்மில் போட்டுவிடுவேன். பல் டாக்டர் வீட்டுக் குப்பையில் பற்பசைப் பெட்டி கிடந்தால் யார் சந்தேகப்படப்போகிறார்கள்?

இருட்டில் ஏணிமேல் நின்றபடி, ஒரு காதை வாசல் பக்கம் நீட்டிக்கொண்டு, மெல்லவும் நேரமில்லாமல் விழுங்கும் அந்த பிஸ்கட்டின் ருசியே தனி. திருடித் தின்னும் மாங்காய்க்கு ருசி அதிகம் என்பது சும்மா இல்லை. இதில் பெரிய அதிசயம் என்னவென்றால், சோதனைக்குப் போகும்போதெல்லாம் என் சர்க்கரை குறைந்துகொண்டே வந்தது. டாக்டர் முதுகில் தட்டிக்கொடுத்தார். என் கணையத்துக்கு ஏதோ தனித்திறமை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

இந்தச் சமயத்தில்தான் அவளுக்கு அந்த அழைப்பு வந்தது. கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய அகழாய்வு. தோண்டும் பருவம் முழுக்க அங்கேயே தங்கவேண்டும். இத்தனை வருடமும் யாரோ ஒருவரின் கீழே தோண்டிக்கொண்டிருந்தவளுக்கு முதல்முறையாகத் தலைமைப் பொறுப்பு. சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போடவேண்டியதுதான் பாக்கி. அவள் போடவில்லை. துறைத்தலைவர் தினமும் கேட்டார். நானும் கேட்டேன். "உங்கள இப்படியே விட்டுட்டு எப்படிப் போறது?" என்று ஒருமுறை சொன்னாள், அப்புறம் பேச்சை மாற்றிவிட்டாள்.

அவள் அந்த வேலைக்காக எவ்வளவு ஏங்கினாள் என்று எனக்குத் தெரியும். என் பிஸ்கட் விவகாரம் மட்டும் வெளியே வந்தால் அவள் போகவே மாட்டாள் என்பதும் தெரியும். அதனால் அவளுக்காகவே இந்த ரகசியத்தைக் காப்பாற்றுவது என்று முடிவெடுத்தேன். பிஸ்கட்டை விட்டுவிடலாமே என்று யாரும் கேட்கவேண்டாம். அந்த யோசனை எனக்கு வரவில்லை.

ஒரு மாலை, தேநீரை ஆற்றிக்கொண்டே அவள் சாதாரணமாகச் சொன்னாள். மாணவர்களுக்கு வருடா வருடம் ஒரு பயிற்சி உண்டாம். யாரோ ஒருவர் வீட்டுக் காய்ந்த குப்பையை, யார் வீடு என்று சொல்லாமல் கொடுத்து, அகழாய்வுக் குழியைத் தோண்டுவதுபோல அடுக்கடுக்காகப் பிரிக்கச் சொல்வார்களாம். அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், எப்படி வாழ்கிறார்கள் என்று குப்பையை வைத்தே அவர்கள் சொல்லவேண்டும். இந்த வருடம் தருவதாகச் சொன்னவர் பின்வாங்கிவிட்டார், அதனால் நாளைக்கு நம்ம டிரம்மை எடுத்துக்கொண்டு போகிறேன் என்றாள்.

எனக்குத் தேநீர் புரையேறியது. அவள் துறைத்தலைவருடன் போனில் பேச மாடிக்குப் போனதும் நான் பின்னறைக்கு ஓடினேன். கையுறை மாட்டிக்கொண்டு டிரம்மைச் சாய்த்தேன். மேல்பாதி சரிந்து தரையில் கொட்டியது. கீழ்ப்பாதி இறுகிப்போய் அசைய மறுத்தது. செய்தித்தாள், தினமும் கிழித்துப்போட்ட நாட்காட்டித் தாள்கள், பால் பாக்கெட், பழுப்பு உறைகள். அவற்றுக்கிடையில் என் பற்பசைப் பெட்டிகளைப் பொறுக்கத் தொடங்கினேன். நாலைந்துதான் கையில் சிக்கியிருக்கும், மாடிப்படியில் செருப்புச் சத்தம். கொட்டியதையெல்லாம் வாரி உள்ளே போட்டு, பெட்டிகளைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, கதவைச் சாத்தி வெளியே வந்தேன். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. இத்தனை வருடம் ஊசியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு "ஒண்ணும் வலிக்காது" என்று சொன்ன முகம் அல்லவா?

மாணவர்கள் முடிவைச் சொல்லும் நாளில் என்னையும் வரச்சொன்னாள். மாட்டேன் என்றால் சந்தேகம் வரும். போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். முன்வரிசையில் துறைத்தலைவர். அவருக்குப் பக்கத்தில் அவள். மடியில் அந்தச் சம்மதக் கடிதம், அதன்மேல் மூடி திறக்காத பேனா. இன்றைக்குள் பதில் சொல்லியாகவேண்டும் என்று காலையில்தான் சொல்லியிருந்தாள்.

முதலில் எழுந்த குழு, அந்த வீட்டில் பற்பசைப் பெட்டி ஒரு வழிபாட்டுப் பொருள் என்றது. பளபளக்கும் காகிதத்தைப் பெட்டிக்குள் வைத்துத் திரும்பத் திரும்பப் புதைத்திருப்பதால் அது காணிக்கையாம். தொல்லியலில் காரணம் புரியாத எதையும் சடங்கு என்று சொல்லித் தப்பித்துவிடலாம் என்று அவள் கிண்டல் செய்து கேட்டிருக்கிறேன். அன்று அந்தச் சடங்குக்குழுவை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. கைதட்டக்கூடச் செய்தேன்.

அடுத்து எழுந்தவள், வீட்டில் என் மனைவி 'முந்திரிக்கொட்டை' என்று செல்லமாகக் குறிப்பிடும் மாணவி. கேள்வி முடியுமுன் பதில் சொல்பவள்.

அவள் மேசைமேல் நாட்காட்டித் தாள்களை வரிசையாக வைத்தாள். கீழே கிடப்பது முந்தையது, மேலே கிடப்பது பிந்தையது, யாரும் கலைக்காத வரைக்கும் இதுதான் விதி என்று ஆரம்பித்தாள். டிரம்மின் கீழ்ப்பாதியில் தாள்கள் ஒழுங்காக இருக்கின்றன. மேல்பாதியிலோ புதிய தேதி அடியிலும் பழைய தேதி உச்சியிலும் கிடக்கிறது. ஆக, சமீபத்தில் யாரோ மேல்பாதியைக் கவிழ்த்துத் திரும்ப வாரிப்போட்டிருக்கிறார்கள்.

எலியாக இருக்கலாமே என்றார் துறைத்தலைவர். எனக்கு அவர்மேல் தனி மரியாதை பிறந்தது.

"முதல்ல நாங்களும் எலின்னுதான் சார் நெனச்சோம்," என்றாள் முந்திரிக்கொட்டை. "ஆனா எந்த எலியும் வேலை முடிஞ்சதும் கையுறைய கழட்டிப் போட்டுட்டுப் போகாது."

இடுக்கியில் அதைத் தூக்கிக் காட்டினாள். வெள்ளை ரப்பர் கையுறை, ஒரு ஜோடி. குப்பையின் ஆக உச்சியில் கிடந்ததாம். வேலை முடிந்ததும் கையுறையை உருவிப் பக்கத்திலிருக்கும் குப்பைத்தொட்டியில் போடுவது என் கையில் ஊறிப்போன பழக்கம். என்னைக் கேட்காமலேயே அது தன் வேலையைச் செய்திருக்கிறது. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்பதை இவ்வளவு சுத்தமாக யாரும் சொல்லியிருக்க முடியாது.

அவள் நிறுத்தவில்லை. பொருள் தனியாகப் பேசாது, எதோடு சேர்ந்து கிடந்தது என்பதுதான் பேசும் என்றாள். கலையாத கீழ்ப்பாதியில், ஆரஞ்சு கிரீம் பிஸ்கட் உறை வைத்த பற்பசைப் பெட்டி எங்கெல்லாம் இருக்கிறதோ, அதற்குச் சற்று மேலே தவறாமல் ஒரு பழுப்பு உறை இருக்கிறது. அதற்குள்ளே ஒளித்துவைத்த இன்னொரு பிஸ்கட் உறை. அதே கம்பெனி, அதே ஆரஞ்சு கிரீம். ஆனால் சர்க்கரை இல்லாதது. முதல் உறை அவசரத்தில் பல்லால் கிழித்தது, இரண்டாவது கத்தரிக்கோலால் நேராக வெட்டியது.



"அந்த வீட்டுல ரெண்டு பேரு," என்றாள் அவள். "ஒருத்தர் இனிப்பு பிஸ்கட்ட ஒளிச்சு வெச்சுத் திங்கறதா நெனச்சுக்கறாரு. இன்னொருத்தர் ஒவ்வொரு தடவையும் அத எடுத்துட்டு, அதே மாதிரி இருக்கற வேற பிஸ்கட்ட அங்க வெச்சுடறாங்க. அவருக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது."

தேள் கொட்டிய திருடன் கத்தவும் முடியாது என்பார்கள். நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். என் கணையத்தின் தனித்திறமை, டாக்டர் தட்டிய முதுகு, ஏணிமேல் நின்று தின்ற அந்தத் தேவாமிர்தம், எல்லாம் என் மனைவி அடுக்கி வைத்தது. கோபம் வந்தது. ஆனால் அத்தனை தடவை அந்த ஏணியில் ஏறியிருக்கிறாள், அவளுக்கு முட்டிவலி வேறு.

எடுத்த இனிப்பு பிஸ்கட் எங்கே போனது என்று சடங்குக்குழுவிலிருந்து ஒருவன் கேட்டான். முந்திரிக்கொட்டை பதில் சொல்ல வாயைத் திறந்தாள். மேசை ஓரத்தில் மாணவர்களுக்காக வழக்கம்போல் என் மனைவி வைத்திருந்த தட்டைப் பார்த்தாள். தட்டில் ஆரஞ்சு கிரீம் பிஸ்கட். வகுப்பு மொத்தமும் மெல்வதை நிறுத்தியது.

துறைத்தலைவர் மட்டும் ஒன்றும் புரியாமல், ஆய்வின் முடிவு என்ன என்று கேட்டார்.

"முடிவு இதுதான் சார்," என்று குரல் தாழ்த்திச் சொன்னாள் அந்தப் பெண். "அந்த ரெண்டாவது ஆள் வீட்ட விட்டு எங்கயும் போக முடியாது. போனா மொதல் ஆள் திரும்ப இனிப்புக்கே போயிடுவாரு."

என் மனைவி தலைகுனிந்து மடியிலிருந்த காகிதத்தைப் பார்த்தாள். பேனாவை எடுத்துப் பைக்குள் போடப்போனாள். அதற்குமேல் என்னால் உட்கார முடியவில்லை.

எழுந்து நின்றேன். "ஆதாரம் பத்தாதும்மா," என்றேன். "நீங்க தோண்டுனது எல்லாம், அந்த ஆளுக்கு விஷயம் தெரியாதப்போ விழுந்த குப்பை. இப்ப அவனுக்குத் தெரிஞ்சுபோச்சு. இனிமே விழற அடுக்கு வேற. அத இன்னும் யாரும் தோண்டல."

"அது உங்களுக்கு எப்படி சார் தெரியும்?"

"அந்தக் கையுறை என் அளவு."

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. என் மனைவி திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் பேனாவின் மூடி திறக்கும் 'டிக்' சத்தம் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

வீட்டுக்குத் திரும்பும்போது, எல்லாம் தெரிந்துகொண்டுதான் டிரம்மை எடுத்துக்கொண்டு போனாயா என்று கேட்டேன். ஆதாரம் இல்லாமல் எதையும் சொல்லக்கூடாது என்பது அவள் துறையின் ஒழுக்கம் என்றாள். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள், தோள் மட்டும் குலுங்கியது.

இப்போது அவள் கடலுக்கு அந்தப் பக்கம் யாருடைய குப்பையையோ கிளறிக்கொண்டிருக்கிறாள். சர்க்கரை இல்லாத பிஸ்கட்டை நானே கடையில் வாங்குகிறேன். நானே பவுடர் டப்பாவில் அடுக்கி, நானே ஏணியில் ஏறி, விளக்கை அணைத்துவிட்டுத் திருட்டுத்தனமாகத் தின்கிறேன். வேறெப்படித் தின்றாலும் அது வெறும் மரத்தூள். உறையைக் கத்தரிக்கோலால் நேராக வெட்டி, பற்பசைப் பெட்டிக்குள் வைத்து, அன்றைய நாட்காட்டித் தாளோடு டிரம்மில் போடுகிறேன். எதையும் கலைப்பதில்லை. வந்ததும் முதல் வேலையாகத் தோண்டுவாள், எனக்குத் தெரியும். அடியிலிருந்து உச்சி வரைக்கும் அவள் படிக்கட்டும்.

நடுவில் ஒரே ஓர் இடத்தில், பல்லால் கிழித்த அசல் ஆரஞ்சு உறை ஒன்று கிடக்கும். அது எலி.