குடிக்காமல் வைத்த காபி

அண்ணன் மிஷ்ஆன் நீட்டிய காபிக் கிண்ணத்தை வத்ஹா வாயில் வைக்கவே இல்லை. அப்படியே விரிப்பின்மேல் வைத்துவிட்டாள். சவூதியின் ஹாயில் பக்கம் வீட்டுக்கு வந்தவர் இப்படி வைத்தால் ஏதோ கேட்டு வந்திருக்கிறார் என்று அர்த்தம். தருகிறேன் என்று சொல்லாமல் வீட்டுக்காரர் தப்ப முடியாது. பெண் கேட்க வருகிறவர்கள் செய்கிற வேலை இது. கூடப் பிறந்தவளே செய்தால் மிஷ்ஆன் என்ன செய்வார், பாவம்!

"அடியே, ஆறிப்போகுது. சரி, கேளு. கொடுத்தேன்."

"உன் ரத்தம் வேணும்ணே. மூணே மூணு குழாய்."

வத்ஹா மருத்துவமனையில் நர்ஸ். சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம், தொப்பை நாலும் கைகோத்து வருகிற குடும்பங்களில் மரபணு எப்படி மாறியிருக்கிறது என்று அங்கே பார்க்கிறார்கள். முப்பத்தொரு சொந்தக்காரர்கள் ரத்தம் கொடுத்தாயிற்று. அண்ணன் மட்டும் இரண்டு வருடமாக மசியவில்லை. அப்பா நாற்பத்தெட்டு வயதில் மாரடைப்பில் போனார். அண்ணனுக்கு இந்த வருடம் நாற்பத்தெட்டு.

"மோசக்காரி!" என்று சிரித்தார் மிஷ்ஆன். கொடுத்த வாக்காயிற்றே.

"நாளைக்கு வெறும் வயித்தோட வா."

வந்தார். ரத்தம் எடுத்து இயந்திரத்தில் சுற்றிப் பார்த்தால் மேலே தெளிந்து நிற்க வேண்டிய நீர் கொழுப்பேறிப் பாலாக வெளுத்துக் கிடந்தது. வத்ஹாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அண்ணே, என்ன சாப்பிட்ட?"

"வல்லாஹி, அல்லா மேல ஆணையா, விடிகாலை சுபுஹு பாங்குக்கு அப்புறம் பச்சத்தண்ணி பல்லுல படல!"

"பாங்குக்கு முன்னாடி?"

"இது என்னடி கேள்வி? பகல்ல பட்டினி கிடக்கணும்னா விடியுமுன்ன சஹர் சாப்பிடாம முடியுமா? உங்க அண்ணி ஆட்டுக்கறிச் சோறு ஆக்கினா. பேரீச்சம்பழம், நெய், மோரு..."

நோன்புக்கு எழுந்த மாதிரி வீடே எழுந்து உட்கார்ந்து வெளுத்துக் கட்டியிருக்கிறது! வத்ஹா சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அடுத்த வாரம் ஒழுங்காகப் பன்னிரண்டு மணி நேரம் பட்டினி கிடந்து, உலகத்தையே திட்டிக்கொண்டு மறுபடி கொடுத்தார்.

மூன்று வாரத்தில் முடிவு வந்தது.

"அப்பா வழிச் சொந்தத்துல பாதிப்பேருக்கு இருக்கிற அதே மாற்றம்தான் உனக்கும் இருக்காம்ணே. சர்க்கரை விளிம்புல நிக்குது. ஆனா கை மீறிப் போகல. மாத்திரை உண்டு, நடக்கணும்."

"அப்ப என் தலையெழுத்துங்கிற."

"தலையெழுத்து இல்ல, தொப்பை. குறைக்கலாம்."

ரத்தம் கொடுத்தவர்களின் பட்டியலை மிஷ்ஆன் வாங்கி விரலால் தடவித் தடவிப் படித்தார். பிறகு வத்ஹா ஃபிளாஸ்கிலிருந்து ஊற்றிக் கொடுத்த காபியைக் குடிக்காமல் மேசைமேல் வைத்தார்.

"என்னண்ணே?"

"குடும்பம் மொத்தமும் இதுல இருக்கு. உன் பேரு எங்க?"

ஊரார் கையிலெல்லாம் ஊசி போட்டவள், தன் கையை மட்டும் பயத்தில் ஒளித்தே வைத்திருந்தாள்.

"இன்னிக்கு... காலையில சாப்பிட்டுட்டேனே."

"சஹரா?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அண்ணன் கிண்ணத்தைத் தொடவே இல்லை. உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

"கொடுத்தேன்," என்றாள். "நாளைக்கு எட்டு மணிக்கு. நீ கூட இருக்கணும்."

"இருப்பேன்டி," என்று சொல்லிவிட்டு, ஆறிப்போன காபியை ஒரே மடக்கில் குடித்தார் மிஷ்ஆன்.