பாருக்குள் இறக்கிய வலை

சிலுவைக்கு ஒரு குணம் உண்டு. ஊரில் எது புதிதாக வந்தாலும் அது முதலில் தன் வீட்டு முற்றத்தில் கிடக்க வேண்டும். டிரான்சிஸ்டர் அப்படித்தான் வந்தது. பிளாஸ்டிக் வாளி அப்படித்தான் வந்தது. திரேஸ்புரத்தில் அவன் தெருவின் முதல் நைலான் வலையும் அப்படித்தான் வந்தது.

அதற்கு முன்னால் எல்லாருக்கும் பருத்தி வலைதான். கடலுக்குப் போய் வந்த கையோடு உலர்த்த வேண்டும். மரப்பட்டையைக் காய்ச்சி அந்தச் சாயத்தில் அடிக்கடி முக்கி எடுக்க வேண்டும். ஒரு வாரம் சோம்பினால் நூல் இற்றுப்போகும். சாயம் காய்ச்சியே அவன் மனைவி அமலோற்பவத்தின் நகக்கண் எல்லாம் கறுத்துக் கிடந்தது. நைலான் வந்ததும் அந்தப் பாடு ஒழிந்தது. ஈரத்தோடு சுருட்டி மூலையில் எறிந்தாலும் அது பாட்டுக்குக் கிடக்கும். "இதுக்கு அழிவே கெடயாது, பாத்துக்கோ" என்று சிலுவை வருகிறவன் போகிறவனிடமெல்லாம் பீற்றிக்கொண்டான். கேட்டவர்களும் கையில் காசு புரண்டதும் ஆளுக்கொன்று வாங்கினார்கள்.

அழியாத வலையும் கிழியத்தானே செய்யும். எழுபத்து மூன்றாம் வருஷம் பனிமயமாதா திருவிழாக் கொடி இறங்கிய சமயத்தில் அது பொத்துவதற்கு லாயக்கில்லாமல் போய்விட்டது. முற்றத்தில் பாதியை அடைத்துக்கொண்டு நாறியது. வருகிற ஈஸ்டருக்குப் பிறகு மகள் பிளாரன்ஸுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வேறு யாருமில்லை, சிலுவையின் அக்காள் மகன் வில்பிரட். பந்தல் போட இடம் வேண்டும் என்று அமலோற்பவம் தினமும் அவன் உயிரை எடுத்தாள்.

பழைய வலையை என்ன செய்வது என்பதில் அந்தத் தெருக்காரர்களுக்குக் குழப்பமே இருந்ததில்லை. சோறு போட்ட வலையை விற்கவும் கூடாது, குப்பையில் வீசவும் கூடாது. கல்லைக் கட்டி, கடலுக்குக் கொண்டுபோய், பாரின் ஓரத்தில் இறக்கிவிட வேண்டும். பார் என்பது கடலுக்கடியில் பாறையாகப் பரந்து கிடக்கிற மேடு. மீன் அண்டுவது அங்கேதான். அதைச் சுற்றியுள்ள மணலில்தான் சங்கு விளையும். இறங்கிய பருத்தி வலைக்குள் குஞ்சு மீன் ஒதுங்கும், பாசி பிடிக்கும், சில மாதத்தில் வலை கூழாகிப் பாரோடு பாராகிவிடும். இதை அவர்கள் 'வலை இறக்குதது' என்பார்கள். புண்ணியம் என்றே நினைத்துச் செய்தார்கள், செய்தது தப்பும் இல்லை.

சிலுவையும் கல்லைக் கட்டத் தொடங்கினான். அமலோற்பவத்துக்குத்தான் மனசு ஒப்பவில்லை.

"இந்தாரும், முருங்கை மூட்டுல இந்த வலைத் துண்டு ஒண்ணப் பொதைச்சேம்லா, எப்பம்? மூணு மழை பாத்துட்டு. நேத்து தோண்டுனா பொதைச்ச மாரியே இருக்கு. இதக் கொண்டு கடல்ல போட்டா எப்பிடி மக்கும்?"

"ஏளா, அது நல்ல தண்ணி பாஞ்ச மண்ணு. கடல்ல கெடக்கது உப்பு. நங்கூரத்து இரும்பையே தின்னுருது, இந்த நூலு எம்மாத்திரம்?"

உப்பு நைலானைத் தின்னுமா என்று அவளுக்குத் தெரியாது. அவனுக்கும்தான் தெரியாது, ஆனால் அவன் குரல் பெரிசு. மறுநாள் வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு போய், பாரின் கிழக்கு ஓரத்தில், நெற்றியில் குருசு போட்டுக்கொண்டு வலையை இறக்கினான். முற்றம் காலியாயிற்று.

மாசி மாதம் சங்குக் குளிப்பு மும்முரமாக நடந்தது. வில்பிரட் சங்கு குளிக்கிறவன். மூச்சடக்குவதில் அவனை மிஞ்ச அந்தக் கரையில் ஆளில்லை என்று பேர். அவனும் தொம்மையும் ஒரே வள்ளத்தில் போகிற ஜோடி. ஒருவன் மூழ்கினால் மற்றவன் மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பான். அன்றைக்குத் தொம்மை மூழ்கினான். நேரமாகியும் மேலே இழுக்கச் சொல்லிக் கயிறு ஆடவில்லை. வில்பிரட் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தான், பிறகு அப்படியே குதித்துவிட்டான். கீழே கலங்கிய மணலுக்குள் தொம்மையின் வலதுகால் வலையில் சிக்கியிருந்தது. உதற உதற இன்னும் சுற்றியது. வில்பிரட் காலைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தான். கால் வந்தது, கணுக்காலில் ஒரு சுற்றுத் தோல் வரவில்லை. மேலே கொண்டுவந்து கிடத்தியபோது தொம்மையின் மூக்கிலும் காதிலும் ரத்தம். பிழைத்துக்கொண்டான். நல்ல நேரம் என்றுதான் சொல்ல வேண்டும்.

செய்தி கரைக்கு வந்தபோது சிலுவை வள்ளத்துக்குப் பிசின் பூசிக்கொண்டிருந்தான். எந்த இடம் என்று கேட்டான். பாரின் கிழக்கு ஓரம் என்றார்கள். பிசின் சட்டியை வைத்துவிட்டு மணலில் உட்கார்ந்துவிட்டான்.

சங்கு குளிக்கிறவர்களுக்கெல்லாம் மூத்தவர் பர்னபாஸ் அண்ணாச்சி. அவருக்குச் சொந்தமாக இரண்டு வள்ளம், மீன்பாடும் உண்டு, சங்குக் குளிப்பும் உண்டு. வாயைத் திறந்தால் பாதிரியார்கூட வேறு பக்கம் பார்ப்பார். அன்று சாயந்திரம் கரையில் நின்று அவர் வைத வசவை இங்கே எழுத முடியாது. "பாருக்குள்ள வலையப் போட்டவன் எந்தப் பயலா இருந்தாலும் சரி, அவன் வீட்டுல எழவு விழுந்தாத்தாம்ல அவனுக்குப் புத்தி வரும்" என்று முடித்தார். சிலுவை கூட்டத்தோடு கூட்டமாக நின்று தலையாட்டினான். வேறென்ன செய்வான்? சொன்னால் அக்காள் வாசலில் மண்ணை வாரித் தூற்றுவாள், கல்யாணம் நிற்கும், ஊர் காறித் துப்பும். சொல்லாவிட்டால் ஒன்றுமில்லை. வலையைத்தான் மேலே எடுக்கப் போகிறார்களே. எடுத்துவிட்டால் சங்கதி முடிந்தது. வலையின் நெற்றியில் பேரா எழுதியிருக்கிறது?

அதனால் வலை எடுக்கப் போனபோது எல்லாருக்கும் முன்னால் நின்றவன் சிலுவைதான். கயிறு கொடுத்தான், வள்ளம் கொடுத்தான், பாதாளக்கரண்டி போல ஒரு கொக்கியைத் தானே அடித்துக்கொண்டு வந்தான். "மாமாவுக்கு எம்மேல இம்புட்டுப் பாசமா?" என்று வில்பிரட் சிரித்தான். சிலுவைக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியவில்லை. கொக்கியைச் சரிசெய்கிற பாவனையில் குனிந்துகொண்டான்.

இரண்டு வள்ளம் சேர்ந்து இழுத்தும் உச்சி வெயில் ஏறிய பிறகுதான் வலை அசைந்தது. மேலே வந்தது வலை மட்டுமில்லை. செத்து அழுகிய மீன், அதைத் தின்ன வந்து மாட்டிய நண்டு, நண்டைத் தின்ன வந்து மாட்டிய திருக்கை, ஒரு ஆமையின் வெறும் ஓடு. உயிரோடு துடிக்கிற விளைமீனும் அதிலேயே கிடந்தது. மனுஷன் கைவிட்ட பிறகும் வலை தன் வேலையை விடாமல் பார்த்திருக்கிறது. அந்த மீனை அறுத்துக்கொண்டு போக ஒருவருக்கும் மனசு வரவில்லை.

கரைக்கு இழுத்துப் போட்டார்கள். சிலுவை கிட்டப் போய்ப் பாசியை விரலால் வழித்தான். நூல் நீல நிறம், கண்ணி இரண்டு விரல் அகலம். அவன் இறக்கியது வெள்ளை நூல், நாலு விரல் கண்ணி. மறுபடியும் வழித்துப் பார்த்தான். நீலம்தான். அவனுக்கு அப்பாடா என்றிருந்தது. அந்த நிமிஷத்தில் அவன் வேறெதையும் நினைக்கவில்லை, அதை மறைத்து என்ன ஆகப் போகிறது.

பிறகு அந்த வலையை என்ன செய்வது என்ற பேச்சு வந்தது. நெருப்பு வைத்துப் பார்த்தார்கள். கறுப்புப் புகை எழும்பி ஊரையே இருமவைத்தது. வலை எரியாமல் உருகிச் சொட்டியது, ஒருவன் முழங்கையில் தெறித்துத் தோலோடு ஒட்டிக்கொண்டது. குப்பை வண்டிக்காரன் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "என் மாடு இழுக்காது அண்ணாச்சி" என்று போய்விட்டான். கடைசியில் பர்னபாஸ் அண்ணாச்சிதான் சொன்னார்: "கெடக்கட்டும்ல. வெளிக்கடல்ல ஆழத்துல கொண்டு எறக்கிருவோம். அங்கன யாரு குளிக்கப் போறா?" எல்லாரும் சரி என்றார்கள். நாளைக் காலையில் பழையபடி குளிப்புக்குப் போகலாம், பார் சுத்தமாகிவிட்டது என்றும் முடிவாயிற்று.

சிலுவைக்கு அப்போதுதான் உறைத்தது. பார் சுத்தமாகவில்லை. அவன் வலை அங்கேதான் எங்கேயோ கிடக்கிறது. நாளைக்கு முதல் ஆளாக மூழ்கப் போகிறவன் வில்பிரட்.

வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். அமலோற்பவம் பார்த்தாள்.

"அது நம்ம வலை இல்லையாம்லா. தொம்மை பொண்டாட்டி சொன்னா, நீல வலையாம்."

"ஆமா."

"அப்பம் நம்மது?"

அவன் தட்டைத் தள்ளி வைத்தான். அவள் குழம்புச் சட்டியை மூடினாள்.

"கல்யாணம் நின்னாலும் மவளுக்கு வேற மாப்ள பாக்கலாம். உம்ம அக்கா மவன் போனா, நாளைக்கு அக்கா மொகத்துல எப்பிடி முழிப்பேரு? நானும் உம்ம மொகத்துல முழிக்க மாட்டேன், பாத்துக்கிடும்" என்றாள். அவள் குரலை உயர்த்தவில்லை. அவனுக்குப் பயமாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

காலையில் வள்ளங்கள் தண்ணீரில் இறங்கி நின்றன. வில்பிரட் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். தொம்மை காலில் கட்டுடன் வேடிக்கை பார்க்க வந்து மணலில் உட்கார்ந்திருந்தான். சிலுவை முழங்கால் தண்ணீரில் போய் வள்ளத்தின் ஓரத்தைப் பிடித்தான்.

"மருமவனே, எறங்கு. போவாண்டாம். நேத்து எடுத்தது வேற எவன் வலையோ. என் வலை இன்னும் கீழதான் கெடக்கு. போன ஆவணியில நாந்தான் எறக்குனேன்."

வில்பிரட் அவன் முகத்தையே பார்த்தான். கரையில் நின்றவர்கள் பர்னபாஸ் அண்ணாச்சியைப் பார்த்தார்கள், இப்போது பூசை நடக்கும் என்று. அண்ணாச்சி தோள் துண்டை எடுத்து உதறினார், மறுபடியும் தோளில் போட்டார். அவர் வாயிலிருந்து வசவு வரவில்லை.

"அந்த நீல வலை என்னுது" என்றார். "இழுத்துப் போட்டப்பவே தெரியும். வடக்கால இன்னொண்ணும் கெடக்கு."

அதற்குப் பிறகு யாரும் யாரையும் பார்க்கவில்லை. மிக்கேல் என்று ஒருவன், வாயே திறக்காத ஆள், பாரின் நடுவில் ஒன்று இறக்கியதாகத் தண்ணீரைப் பார்த்துச் சொன்னான். அவன் தம்பி, தான் மூன்று இறக்கியதாகச் சொன்னான். பின்னாலிருந்து இன்னொரு குரல் வந்தது. எல்லாரும் புண்ணியம் என்று நினைத்துச் செய்தவர்கள்தான்.

"எந்த எடத்துல எறக்குனீரு மாமா?" என்று வில்பிரட் கேட்டான்.

"கெழக்கு ஓரத்துல. ஆனா நீரோட்டம் இப்பம் எங்கன கொண்டு போட்டுருக்கோ, எனக்குத் தெரியாதுல."

மணலில் இருந்த தொம்மை காலைத் தடவிக்கொண்டே சொன்னான்: "எங்கன கெடக்குன்னு கேக்காதிய. எங்கன இல்லைன்னு ஒரு எடம் சொல்லுங்க. அங்கன போயி குளிச்சிக்கிடுதோம்."

அன்று யாரும் குளிப்புக்குப் போகவில்லை. வில்பிரட்டின் அம்மா தன் தம்பி சிலுவையின் வாசலில் வந்து நின்று வாய் ஓயும்வரை வைதாள், ஆனால் கல்யாணத்தை நிறுத்துவதாகச் சொல்லவில்லை. யார் வீட்டில் பெண் எடுத்தாலும் அந்த வீட்டு வலை ஒன்று பாரில் கிடக்கத்தானே செய்யும்.

மறுநாள் போனார்கள். போகாமல் பிழைப்பது எப்படி? சங்குப் பையோடு ஒவ்வொருவன் இடுப்பிலும் புதிதாக ஒரு கத்தி இருந்தது. வில்பிரட்டின் இடுப்பில் மட்டும் இரண்டு இருந்தன. ஒன்று நழுவினால் இன்னொன்று இருக்கட்டும் என்று சிலுவை தன் கையாலேயே கட்டிவிட்டான். பிறகு வள்ளத்தில் அவனோடு ஏறிக்கொண்டு, மேலே கயிற்றைப் பிடித்து நின்றான்.