பம்பைக் குறைத்த வாரம்

அக்கா வீடு மாறப் போகிறாள் என்றதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எதிர் வீட்டில் அவள் இல்லாவிட்டால் நான் யாரோடு சண்டை போடுவது?

"உங்க பிளாண்ட் நாத்தத்துல ஜன்னலைத் திறக்க முடியுதா? புள்ளைங்களுக்குத் தினம் தலைவலி. எல்லாத்தையும் மூட்டை கட்டிட்டேன். ஞாயித்துக்கிழமை கிளம்புறோம்" என்றாள்.

அவள் சொன்ன எரிவாயு ஆலையில்தான் நான் ஆபரேட்டர். பூமியிலிருந்து வரும் எரிவாயுவில் ஈரம் இருக்கும். கிளைகால் என்ற திரவத்தைப் பம்பு வைத்து அதனூடே ஓட்டினால், ஈரத்தை உறிஞ்சிவிடும். பிறகு கிளைகாலைக் காய்ச்சி ஈரத்தை விரட்டி, மறுபடி ஓட்டுவோம். வம்பே காய்ச்சுவதில்தான். ஈரத்தோடு, கிளைகால் கூடவே உறிஞ்சிய பென்சீன், மீத்தேன் எல்லாம் புகைபோக்கி வழியாக ஊருக்குள் கிளம்பிவிடும். கிளைகால் எவ்வளவு ஓடுகிறதோ, அவ்வளவு நாற்றம்.

எங்கள் ஆட்களோ பயந்தாங்கொள்ளிகள். எரிவாயு ஈரமாகப் போய்விடுமோ என்று ஒவ்வொரு ஷிஃப்டிலும் "எதுக்கும் இருக்கட்டும்" என்று பம்பின் வேகத்தைக் கொஞ்சம் ஏற்றுவார்கள். இறக்க மட்டும் யாருக்கும் கை வராது.

மேனேஜரிடம் போய் நின்றேன்.

"பம்பைக் குறைக்கலாம் சார்."

"ஈரமாப் போயிட்டா?"

"மீட்டர் முன்னாடியே உக்காந்திருக்கேன். ஏறுச்சுன்னா உடனே பழையபடி வச்சிடறேன்."

தலையைச் சொறிந்துகொண்டே சம்மதித்தார். கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினேன். பம்பு பாதி வேகத்துக்கு வந்தும் ஈரத்தின் அளவு அசையவில்லை. "இன்னும் கொஞ்சம் இறக்கும்மா!" என்று இப்போது மேனேஜரே குதித்தார். மிச்சமிருந்த ஆவியையும் விடவில்லை. சும்மா கிடந்த பழைய குளிர்விப்பானைப் புகைபோக்கியில் மாட்டி, ஆவியைத் திரவமாக்கிப் பீப்பாயில் பிடித்தோம். அப்படியும் அடங்காத வாயுவைக் காய்ச்சும் அடுப்புக்கே எரியக் கொடுத்தோம்.

சனிக்கிழமை அக்காவை வாசலுக்கு இழுத்து வந்தேன். மூக்கைத் தூக்கி இப்படியும் அப்படியும் மோந்தாள்.

"என்னடி, பிளாண்டை மூடிட்டாங்களா?"

"ஓடிக்கிட்டுதான் இருக்கு."

விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள். எனக்கு அழுகை முட்டியது. வீட்டுக்கு வந்து சமையலறை ஜன்னலோரம் நின்றேன்.

எதிர் வீட்டில் டமால் டமால் என்று சத்தம். துருப்பிடித்து ஒட்டிக்கொண்ட ஜன்னலை உள்ளேயிருந்து யாரோ குத்திக்கொண்டிருந்தார்கள். ஜன்னல் கதவு படாரென்று திறந்தது. அக்காவும் பிள்ளைகளும் தலையை நீட்டினார்கள்.

"அங்க நின்னு என்னடி மூக்கைச் சிந்தற? இங்க வந்து மூட்டையைப் பிரி!"