ஒச்சப்பன் அடித்த மருந்து

கீழ் கோத்தகிரி எஸ்டேட்டில் மருந்தடிக்கிற ஆட்களுக்கு மேஸ்திரியாக இருந்து ரிட்டையர் ஆனவர் ஒச்சப்பன். தேயிலையில் கொப்புள நோய் ஒரு செடியில் இறங்கினால் அடுத்த செடிக்குப் போகுமுன் பிடித்துவிடுவார். அந்தப் பெருமை அவருக்குக் கொஞ்சநஞ்சமில்லை.

மருமகள் சுகந்திக்கு ஆராய்ச்சிப் பண்ணையின் பார்லி வயலில் தற்காலிக வேலை. தங்கச்சி கல்யாணத்துக்குத் தேவாலா கிளம்பும்போது, "பார்லி வயல்ல காட்டெருமை எறங்காம பாத்துக்கங்க மாமா, அது போதும்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

அவர் வேலியோரம் போய்ப் பார்த்தால், இலையெல்லாம் மஞ்சள் பொடி. துருநோய்! பாவி மகள் கவனிக்காமல் விட்டிருக்கிறாளே, வேலை போய்விடுமே என்று பதறிப்போனார். விடிந்ததும் விடியாததுமாகப் பரணில் கிடந்த ஸ்பிரேயரை இறக்கி, வயல் முழுக்க நனைய நனைய மருந்தடித்தார். அதோடு விட்டாரா? டீக்கடையில் கூட்டாளி அழகையாவிடம், "எம்மருமக வேலைய நாந்தேன் காப்பாத்துனேன்" என்று சொல்லி, கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் டீயும் வாங்கிக் கொடுத்தார்.

சுகந்தி திரும்பி வந்த அன்றைக்கே பண்ணை ஆபீசர் ஷைனா மேடமும் வயலுக்கு வந்தார். பாராட்டு கிடைக்கும் என்று சலவைச் சட்டை போட்டுக்கொண்டு ஒச்சப்பனும் போய் நின்றார்.

மேடம் ஒரு இலையைத் திருப்பிப் பார்த்தார். கீழிலையில் பொடி காய்ந்து கருகியிருந்தது. மேலிலையெல்லாம் பளிச்சென்று பச்சை.

"யாருங்க மருந்தடிச்சது?"

"நாந்தானுங்க" என்றார் ஒச்சப்பன், சிரிப்போடு.

மேடம் சிரிக்கவில்லை. "ஐயா, அந்த நோய நாங்கதான் கொண்டாந்து விட்டோம். ஓரத்து வரிசையெல்லாம் சீக்கிரம் நோய் புடிக்கிற ரகம். அதுலருந்து நடுவுல இருக்கிற புதுக் கலப்புகளுக்குப் பரவணும். எது தாங்குதோ அதைத்தான் விதைக்கு எடுப்போம். இப்ப எல்லாமே பச்சையா நிக்குது. எது தாங்குச்சுன்னு எப்படிங்க கண்டுபிடிக்கிறது?"

"என் தப்புதான் மேடம்" என்றாள் சுகந்தி. "நான் வெவரமாச் சொல்லாமப் போயிட்டேன்."

ஒச்சப்பனுக்குச் சுருக்கென்றது. சொல்லாமலா? சோறு போடும்போதெல்லாம் சொன்னாளே. "அந்தக் காலத்துப் பார்லி காத்தடிச்சா படுத்துக்கும் மாமா. குட்டை ரகத்தோட கலந்து நிக்க வெச்சாங்க. இனி துருநோயத் தாங்குற ரகம் வேணும், அதுக்குத்தான் இப்ப நோய்க்கு நடுவுல வளக்குறோம்" என்றாளே. அவர் தலையை ஆட்டிக்கொண்டே டிவி சத்தத்தைக் கூட்டியவர்தானே.

"புள்ள மேல தப்பில்லீங்க" என்றார், வரப்பைப் பார்த்துக்கொண்டு. "அது சொல்லுச்சு. நாந்தேன் காதுல வாங்கல. அதோட வேலையில கைவெச்சுராதீங்க."

மேடம் கையிலிருந்த இலையைக் கீழே போட்டார். பிறகு, "விதை கொஞ்சம் மிச்சமிருக்கு. அடுத்த போகத்துல மறுபடி போடலாம். சுகந்தி இருந்தாத்தான் அதுவும் நடக்கும்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

டீக்கடைப் பக்கமே போகாமல் சுற்றுவழியில் வீட்டுக்கு வந்தார் ஒச்சப்பன்.

அடுத்த போகத்தில் பார்லி முழங்கால் உயரம் வந்தபோது, யாரும் கூப்பிடாமலே வயலில் போய் நின்றார். சுகந்தி அவர் முகத்தைப் பார்த்தாள். துரு பிடித்த இலைக் கொத்து ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"ஓரத்து வரிசையில மட்டும் மாமா. இலையில மெதுவாத் தேய்ங்க."

அவர் குனிந்து தேய்க்க ஆரம்பித்தார். விரலெல்லாம் மஞ்சள். வேலிக்கு அந்தப் பக்கம் அழகையா நின்றுவிட்டான்.

"என்னண்ணே, மருந்தா?"

ஒச்சப்பன் நிமிரவில்லை.

"இல்லடா, நோய்" என்றார்.